அங்கொடையில் ஒரு கட்டில்

தாழ்வுபாடு
4.6.1967

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. கடிதத்தைச் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். உங்களிடம் அதைக் கேட்கலாமோ தெரியவில்லை. சுகமாக இருந்தால் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். அதனால் இன்றைக்கு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

நான் பெற்றிசியா, உங்கள் அக்கா அருள்நாயகியின் மகள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது அரிவரி வகுப்பில் இருந்தேன். இப்போது மன்னார் டவுனில் ஜீ.சீ.ஈ. படிக்கிறேன். சோதனை மார்கழியில். அலுமாரியில் அம்மாவின் சீலைகளுக்கு அடியில் நீங்கள் அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டை ஒன்று இருந்தது. விலாசத்தை அதில் பார்த்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. உங்களைப் பற்றி யாராவது கேட்டால் அம்மா "அவ அங்கொடையில" என்று மட்டும் சொல்லுவார். கேட்டவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கணக்குப் பிழைத்தால்கூட "இவளை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்பார்கள். புத்தி மாறியவர்களை வைத்திருக்கும் விசர் ஆஸ்பத்திரியைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், சுவாமி அப்பத்தை உயர்த்த எழுந்தேற்ற மணி அடித்துக் கோயில் முழுவதும் அமைதியானபோது, என் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. எவ்வளவு இழுத்தும் மூச்சுப் போதவில்லை. கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன. பீடம் துணியில் கீறிய படம் போலத் தூரத்தில் நின்றது. அடுத்த நிமிடம் நான் பெரிய சத்தமாகக் கத்தப் போகிறேன், அதன்பிறகு என் புத்தி திரும்பி வராது என்று நிச்சயமாகத் தெரிந்தது. நான் கத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பிலும் பஸ்ஸிலும் கிணற்றடியிலும் வந்துவிட்டது.

டொக்டர்மார் வெளியே நின்று சொல்லுவார்கள். நீங்கள் உள்ளே இருப்பவர். உங்களுக்கு எப்படித் தொடங்கியது? இப்படித்தானா?

மறுமொழியை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என்னோடு படிக்கும் மரியத்தின் வாப்பாவுக்கு பஸ் நிலையத்தடியில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. முஹைதீன் தேநீர்க்கடை, மன்னார் என்று போட்டால் மரியம் கொண்டுவந்து தருவாள். அப்பா மீன்பிடி வாடிக்குப் போயிருக்கிறார். அம்மா படுத்த பிறகு குசினியில் இருந்து எழுதுகிறேன். விளக்கில் எண்ணெய் குறைந்தால் காலையில் கேட்பார். அதனால் நிறுத்துகிறேன்.

உங்கள் பெறாமகள்
பெற்றிசியா


அங்கொடை
15.6.1967

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

நான் சுகம். நீ தாராளமாகச் சுகம் கேட்கலாம், கோபிக்க மாட்டேன். அக்கா எப்படி இருக்கிறா? அத்தானுக்கு இந்தப் பருவம் மீன் படுகிறதா? உன்னை நான் கடைசியாகக் கண்டபோது உனக்கு முன்பல் இரண்டும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் நான் சிலது கேட்க வேண்டும். அது வரும்போது யாராவது பேசும் சத்தம் கேட்கிறதா, அல்லது இருக்கிற சத்தங்கள்தான் தூரத்தில் கேட்கின்றனவா? வந்தால் போகிறதா? போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கிறதா? நித்திரை எப்படி? சாப்பிடாமல் பூசைக்குப் போகிறாயா? ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் எழுது.

கடிதத்தை வைத்திருக்காதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்
சின்னம்மா


தாழ்வுபாடு
2.7.1967

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நீங்கள் சுகம் என்று எழுதியதைக் கண்டு சந்தோஷம். இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பா இன்னும் வரவில்லை. நெத்தலிதான் படுகிறதாம்.

கேட்டவற்றுக்குப் பதில். யாரும் பேசுவது கேட்பதில்லை. பூசை வைக்கும் சுவாமியின் குரல்தான் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். வந்தால் போகும். சனங்களுக்கு நன்மை அப்பம் கொடுத்து முடிகிற நேரம் போய்விடும், ஆனால் அடுத்த முறை போகாது என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். எல்லாம் நினைவிருக்கிறது. நித்திரை வருகிறது, கண்ணை மூடத்தான் பயம். நன்மைக்கு முன் சாப்பிடக் கூடாது என்பதால் வெறும் வயிற்றோடுதான் போகிறேன்.

இன்று மடு மாதா கோயில் திருநாள். ஊரே போய்விட்டது. வயிற்றுக்குத்து என்று சொல்லி நின்றுவிட்டேன். அங்கே புத்தி மாறாட்டமானவர்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வார் என்று பயமாக இருந்தது.

புத்தி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க மன்னாரிலிருந்து அடம்பன் வரைக்கும் பஸ் நிற்கிற இடங்களை மனத்தில் சொல்லிப் பார்ப்பேன். தவறாமல் வரும். ஆனால் விசர் என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்குக் குளிர்கிறது. அந்தச் சொல் இல்லாமல் இங்கே ஒருவருக்கும் கதைக்கத் தெரியாது. மரியம் என்னோடு அன்பாக இருந்தால் "போடி விசரி" என்பாள். அம்மா ஆட்டையும் அப்படித்தான் ஏசுவார்.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. உங்களுக்கு எப்படித் தொடங்கியது? அங்கே உங்களைக் கட்டி வைக்கிறார்களா?

உங்கள்
பெற்றிசியா


அங்கொடை
12.7.1967

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. இங்கே ஒரே மழை. என்னை ஒருவரும் கட்டி வைப்பதில்லை. கிழமையில் ஒரு நாள் வெளியே போக விடுவார்கள். பூசைக்குப் போய், கொஞ்சம் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வருவேன்.

எங்கள் வார்ட்டில் அடம்பன் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறா. தமிழ் பேச ஆளில்லாததால் என்னோடுதான் பேச்சு. விசர் வரப் போகிறது என்று அவவுக்கு முதலில் பயமாக இருந்ததா என்று உனக்காகக் கேட்டேன். அவ சிரித்தா. "எனக்கென்ன பயம்? நான் சரியாத்தான் இருந்தனான். வீட்டுக்காரருக்குத்தான் மூளை பிசகிப்போச்சுது. கிணத்துக்குள்ள இருந்து என்னைக் கூப்பிட்டது அவையள் ஒருத்தருக்கும் கேக்கேல்லை" என்றா. அவ இங்கே வந்து கனகாலம். ஒரு நாளும் தனக்கு விசர் என்று அவ நினைத்ததில்லை. அது வந்துவிடுமோ என்று பயந்ததும் இல்லை.

இதை யோசித்துப் பார். இனிமேல் கோயிலுக்குப் போகுமுன் இனிப்பாக ஒரு தேத்தண்ணி குடி. பூசைக்கு ஒரு மணி நேரம் முந்தியென்றால் இப்போது குற்றமில்லை.

அன்புடன்
சின்னம்மா


தாழ்வுபாடு
30.7.1967

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நீங்களும் அடம்பன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அப்பா வந்துவிட்டார். ஒரு கிழமை நின்று திரும்பிப் போய்விடுவார்.

நீங்கள் சொன்னதை யோசித்தேன். அந்த அம்மாவுக்குப் பயம் இருக்கவில்லை, எனக்குப் பயம் இருக்கிறது, ஆகவே என்னுடையது அவவுடையது அல்ல. இது விளங்குகிறது. ஆனால் நீங்கள் அவவைப் பற்றித்தான் எழுதினீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் கையெழுத்து நேராக இருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மழை பெய்வதும் தெரிகிறது. அப்படியென்றால் விசரிலும் கடிதம் எழுதக்கூடிய ஒரு வகை இருக்கிறது. என்னுடையது அந்த வகையாக இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்த முடிவுக்கு வந்த பிறகு மனம் கொஞ்சம் ஆறுதல். உங்களைப் போல இருக்க வேண்டி வந்தால் இருக்கலாம். ஆகவே சோதனை முடிந்ததும் நானே வந்துவிடலாம் என்று யோசிக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டுப் போவதைவிட முந்திக்கொண்டு போவது மரியாதை. உங்களுக்குப் பக்கத்துக் கட்டில் கிடைக்குமா? தலையணை நான் கொண்டுவர வேண்டுமா, அங்கே தருவார்களா?

உங்கள்
பெற்றிசியா


அங்கொடை
5.8.1967

பெற்றிசியா,

உன் கடிதம் இன்று கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

இங்கே எனக்குக் கட்டில் இல்லை. நான் இந்த ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எல்லோரும் என்னை மிஸி என்று கூப்பிடுவார்கள். இரவு முறை முடிந்தால் நேர்ஸ்மாரின் விடுதிக்குப் போய்ப் படுப்பேன். எனக்கு அந்த நோய் ஒருநாளும் இருந்ததில்லை.

ஊரில் என்னை அப்படி நினைக்கிறார்கள் என்று உன் முதல் கடிதத்தில்தான் அறிந்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். நேர்ஸ் என்று சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். இப்போது நீ தலையணையைப் பற்றிக் கேட்கும்போது சொல்லாமல் இருக்க முடியாது.

நீ எழுதியதை உன் பெயர் சொல்லாமல் எங்கள் டொக்டரிடம் சொன்னேன். இது பயத்தின் நோய், புத்தியின் நோய் அல்ல, மருந்தும் உண்டு, அழைத்து வந்தால் பார்க்கலாம் என்றார். இங்கே உன்னைப் படுக்க வைக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மறுமொழி போடு.

றோஸ்மேரி சின்னம்மா


அங்கொடை
28.8.1967

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? அடம்பன் அம்மா "உம்மட பெறாமகளுக்குக் கிணத்துச் சத்தம் கேக்கத் தொடங்கிட்டுதோ" என்று விசாரித்தா. இல்லை என்றேன். பாவம், அவளுக்குக் காது மந்தம் போல என்றா.

ஒரு வரியாவது எழுது.

சின்னம்மா


தாழ்வுபாடு
1.10.1967

சின்னம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் சுகம் என்பது எனக்குத் தெரியும். அதை விசாரிக்கவில்லை.

உங்களுக்கு விசர் என்று நினைத்துத்தான் உங்களை நம்பினேன். புத்தி சரியானவர்களிடம் சொல்வதாக இருந்தால் இங்கேயே எவ்வளவு பேர் இருக்கிறார்கள். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை உங்களுக்கு எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று இனி வராது என்றும் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாதது எனக்கு எப்படி வரும்? அடுத்த ஞாயிறே வந்தது. வந்தவற்றில் அதுதான் பெரியது. முன்பு அது வரும்போது அங்கொடையில் எனக்கு ஒருவர் இருக்கிறார் என்று இருந்தது. இப்போது ஒருவரும் இல்லை.

இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் இங்கே வேறொன்று நடந்துவிட்டது. நான் மூன்று மாதமாக நன்மைக்குப் போகவில்லை. முன்னுக்குப் போய், வரிசையில் முழங்காலில் இருந்து, என் முறை வருமட்டும் அந்த அமைதியில் காத்திருக்க என்னால் முடியாது. கோயில் மூப்பர் எட்வேட்டின் மனைவி இதைக் கவனித்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குமர்ப்பிள்ளை நன்மைக்குப் போகவில்லை என்றால் ஊருக்கு ஒரே விளக்கம்தான். சாவான பாவத்தில் இருக்கிறாள், அந்தப் பாவத்துக்கு மீசை இருக்கிறது. பஸ் நிலையத்தடியில் நான் கடித உறை ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் வைத்ததையும் யாரோ கண்டிருக்கிறார்கள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு "ஆரடி அவன்?" என்று கேட்டார். "இருக்கிறானோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு" என்றார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

பொடியன் என்றால் அடிப்பார்கள், அழுவார்கள், பிறகு அவசரமாக வேறொருவனுக்குக் கட்டி வைப்பார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. விசர் என்றால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. அகப்பைக் காம்பால் அடி விழுந்தது. அடிக்கும் நேரம் முழுவதும் எனக்கு அது வரவேயில்லை. இனிமேல் பள்ளிக்கூடம் இல்லையாம். விடத்தல்தீவில் ஒரு இடம் பேசுகிறார்கள். சோதனை எழுத முடியாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மரியத்தின் தம்பியிடம் கொடுக்கிறேன்.

பெற்றிசியா


அங்கொடை
10.10.1967

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

உன் கோபம் நியாயம். அதைப் பற்றிப் பேசி உன் நேரத்தை வீணாக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லு. சுவாமியிடம் வேண்டாம், அத்தானிடம் வேண்டாம், முதலில் அம்மாவிடம். எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இருந்த அதே சொற்களால் சொல்லு. நெஞ்சு இடித்தது, கைகள் வேறு யாருடையவோ போல இருந்தன, கத்திவிடுவேன் என்று பயந்தேன், அப்படியே.

ஏன் அவவிடம் என்று நீ கேட்பாய். அதை நான் எழுத முடியாது. அது என்னுடைய கதை அல்ல. ஒருமுறை அதைப் பற்றி வாய் திறந்ததற்காகத்தான் எனக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போனது.

வாழ்த்துடன்
சின்னம்மா


தாழ்வுபாடு
12.11.1967

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நீங்கள் சுகமா? உண்மையாகவே கேட்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது.

உங்கள் கடிதத்தை மரியம் தரவில்லை. முஹைதீன் வாப்பாவே கொண்டுவந்து தந்தார். அது எப்படி என்றால், அம்மா தானே ஒரு முடிவுக்கு வந்து, பொடியன் மரியத்தின் அண்ணன் வஸீர்தான் என்று தீர்மானித்துவிட்டார். என்னிடம் கேட்கவுமில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போய், ஆட்கள் இருக்கத்தக்கதாக, உங்கட மகனை அடக்கி வையுங்கோ என்று சொல்லியிருக்கிறார். வாப்பா கோபப்படவில்லையாம். "தங்கச்சி, கதிரையில இருங்கோ. வஸீர் தையில நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட சிலாவத்துறைக்குப் போனவன். மாமன்ட கடையில நிக்கிறான். மீன்காரரிட்டைக் கேட்டுப் பாருங்கோ" என்றாராம். அதோடு நிற்காமல், அன்று மாலை வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு வந்த கடிதம், இனி எங்கட கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, படலையடியில் நின்ற என் கையில் தந்துவிட்டுப் போனார். மரியம் என்னோடு பேசுவதில்லை.

அம்மா உறையைப் பறிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தார். அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் அங்கேயே நின்று கடிதத்தை வாசித்தேன். பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். "அம்மா, பொடியன் ஒருத்தனும் இல்லை. எனக்கு விசர் வரப்போகுது எண்டு பயம்." அதன்பிறகு நீங்கள் சொன்னபடி அதே சொற்களால் எல்லாவற்றையும் சொன்னேன். கைகளைப் பற்றிச் சொல்லும்போது அம்மா என் கைகளைப் பார்க்கவில்லை. தன்னுடைய கைகளைப் பார்த்தார்.

"உனக்குமோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா நிறையச் சொன்னார். எனக்குப் பிறகு பிறந்து இறந்துபோன குழந்தையை அடக்கம் செய்த கிழமையில்தான் அவருக்குத் தொடங்கியதாம். அப்பா வாடியில். நீங்கள் அப்போதுதான் வேலை கிடைத்து லீவில் வந்திருந்தீர்கள். "அக்கா, அங்கொடைக்கு வாங்கோ, எங்கட டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று கூப்பிட்டீர்கள். வாசலில் ஆட்கள் இருந்தார்கள். அங்கொடைக்கு வா என்று சொந்தத் தங்கச்சி சொன்னால் அதற்கு ஊரில் ஒரு கருத்துத்தானே என்று அம்மா கேட்டார். அன்றைக்கே உங்களைப் படியேறக் கூடாது என்று சொன்னாராம். பிறகு ஆட்கள் உங்களைப் பற்றிக் கேட்டபோது, "நான் பொய் சொல்லேல்லை. அங்கொடையில எண்டுதான் சொன்னனான். மிச்சத்தை அவையள்தான் நினைச்சவை" என்றார். அப்படி அவர்கள் நினைத்துக்கொண்ட பிறகு தன்னை ஒருவரும் சந்தேகமாகப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். இதைச் சொல்லும்போது அழவில்லை. பானையை இறக்கி வைத்தார்.

கோயிலில் அம்மா எப்போதும் பக்கக் கதவடியில்தான் நிற்பார். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். எனக்கு ஓடிப்போய் நிற்க ஆசையாக இருந்த இடமும் அதுதான்.

அது இன்னும் வருகிறது. போன ஞாயிறும் வந்தது. நான் கதவடியைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா, "எனக்கு இல்லை, இன்றைக்கு இல்லை" என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கத்தி விடுவேன் என்று பயந்த இடத்தில் சிரித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

நாளை பள்ளிக்கூடம் போகிறேன். விடத்தல்தீவுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது.

அன்புடன்
பெற்றிசியா


தாழ்வுபாடு
26.11.1967

றோஸ்மேரிக்கு அக்கா எழுதுவது.

மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம். உனக்கும் அந்தக் கிருபை இருக்க வேண்டும்.

பிள்ளை சோதனைக்குப் படிக்கிறாள். விளக்கில் எண்ணெய் குறைந்தால் இப்போது நான் கேட்பதில்லை. முஹைதீன் காக்காவின் கடைக்குப் போய், போன முறை இருந்தவர்களில் இரண்டு பேராவது இருக்கிற நேரமாகப் பார்த்து, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். அவர் தேத்தண்ணி தந்தார். மரியமும் வந்து பெற்றியோடு பேசினாள்.

மூப்பரின் மனைவி மறுபடியும் உன்னைப் பற்றிக் கேட்டா. அவ அங்கொடையில் நேர்ஸ் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. அவ நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஊர் நம்ப இன்னும் நாள் எடுக்கும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு கலவரத்தில் நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தது. மறுமொழி போடவில்லை. அதற்கு இப்போது என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

சோதனை முடிந்த கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெற்றிக்கு டொக்டரைக் காட்ட, துணைக்கு நானும் போகிறேன் என்று பிள்ளையின் தகப்பனிடம் சொல்லியிருக்கிறேன். யாருக்கு யார் துணை என்பதை அவர் கேட்கவில்லை. மன்னாரில் இரவு றெயில் ஏறினால் விடியக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம் என்கிறார்கள். அங்கிருந்து எந்த பஸ் என்று எழுது. இலக்கத்தோடு, அது போகிற இடத்தின் பெயரையும் எழுது. எனக்குச் சிங்களம் தெரியாது. ஏறுமுன் கொண்டக்டரிடம் "அங்கொடைக்கோ?" என்று வாய் திறந்து கேட்க வேண்டிவரும். கேட்பேன்.

அக்கா
அருள்நாயகி